பேர் கேட்காத குறி

அக்கா மகனின் தொப்புள்கொடி காணாமல் போன அன்று நான் பூச்சோங்கில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முதலாண்டு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கேள்வி நான் கொடுத்ததுதான். ஐரோப்பாவில் சூனியக்காரி வேட்டை எதனால் தொடங்கியது, எதனால் ஓய்ந்தது? தொடங்கியதைப் பற்றி எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். ஓய்ந்ததற்கு மட்டும் ‘மக்கள் அறிவு பெற்றார்கள்’ என்று ஒரே வரி. ஓரத்தில் ‘அப்படியா?’ என்று எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்துபோனது.

முதுகலை ஆய்வு செய்துகொண்டே கல்லூரியில் பகுதி நேரமாக வகுப்பெடுக்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அறை. அந்த மாதம் மட்டும் அறையைப் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். எங்களுக்கு அம்மா இல்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்று போக இடம் இல்லாததால் அக்கா மாமியார் வீட்டிலேயே இருந்தாள். பத்தியம் பார்க்கக் கிள்ளானிலிருந்து ஓர் ஆன்டியை வைத்திருந்தார்கள்.

பத்தியம் பார்க்கும் ஆன்டி என்றால் சமைப்பவர் மட்டுமில்லை. பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார். தாய்க்கு இடுப்பில் வெந்நீர் அடித்து ஊற்றி, வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டுவார். பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் செய்வார். சாயங்காலம் சாம்பிராணி போட்டு வீட்டையே மேகமாக்குவார். திங்கட்கிழமை காலை வந்தால் சனிக்கிழமைதான் வீட்டுக்குப் போவார். இவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, பெரிய குரல். பிள்ளை குட்டி இல்லை. ஒரு வீட்டில் வேலை முடிவதற்குள் அந்த வீட்டு ஆட்களே அடுத்த வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். விளம்பரம், கடை, பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. நாலு பெண்கள் வாயில் வரும் நல்ல பேச்சுதான் அவருடைய சோறு.

கொடி உதிர்ந்ததும் அதை மஞ்சள் தடவிப் பஞ்சில் சுற்றிச் சாமி மேடையில் வைத்தது ஆன்டிதான். காய்ந்த பிறகு வெள்ளித் தாயத்தில் அடைத்துப் பிள்ளை இடுப்பில் கட்டுவது அந்த வீட்டு வழக்கம். அன்று வெள்ளிக்கிழமை. பிரிக்ஃபீல்ட்ஸ் நகைக்கடையில் சொல்லிவைத்திருந்த தாயத்தை நான்தான் வாங்கி வந்திருந்தேன். அக்காவின் மாமியார், நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், தாயத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி மேடைக்குப் போனார். குங்குமச் சிமிழ் இருந்தது. பஞ்சு இல்லை.

தேடினோம். மேடைக்குக் கீழே, படங்களுக்குப் பின்னால், விளக்குத்திரி டப்பாவில், குப்பைப் பையில்கூட. மாமா, அக்காவின் கணவர், நாற்காலி போட்டு ஏறி அலமாரிக்கு மேலே தடவிப் பார்த்துவிட்டு, “எலி இழுத்துட்டுப் போயிருக்கும்மா” என்றார்.

“நம்ம வீட்டுல எலி இருக்கா?”

“இல்லன்னா பல்லி.”

“பல்லி பஞ்சு திங்குமாடா?” என்றார் அத்தை. பிறகு குரலைத் தாழ்த்தி, சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டி, என்னிடம் சொன்னார்: “தலைச்சன் பிள்ளை கொடிம்மா. கெட்ட வேலை செய்றவங்க இதுக்குத்தான் அலைவாங்க.”

சமையலறையில் ஆன்டி அம்மியில் மிளகு நுணுக்கிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், கொஞ்சம் உற்சாகமாகவும் இருந்தது. நான் படித்துக்கொண்டிருந்த விஷயம் காலில் செருப்பு மாட்டிக்கொண்டு கூடத்துக்குள் வந்து நின்ற மாதிரி.

ஏனென்றால் அது அப்படியே அதேதான். அந்த வாரம் புதன்கிழமை அத்தைக்கும் ஆன்டிக்கும் ஒரு சண்டை. பிள்ளை நாக்கில் சேனை தொட்டு வைக்க வேண்டும் என்று அத்தை தேன் பாட்டிலோடு வந்தார். ஆஸ்பத்திரியில் விடவில்லை, வீட்டிலாவது வைப்போம் என்று அவருக்கு ஆசை. ஆன்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார். “பச்சப் பிள்ளைக்குத் தேன் ஆவாது அக்கா, கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி வந்தா நம்ம ரெண்டு பேரையும் திட்டும். மீறிக் குடுத்துட்டு, அப்புறம் பிள்ளைக்கு ஏதாச்சும்னா என்னைக் கேக்காதீங்க லா.” அவ்வளவுதான். அன்று சாயங்காலத்திலிருந்து பிள்ளை அழத் தொடங்கினான். விளக்கு வைக்கும் நேரமானால் காலை மடக்கிக்கொண்டு முகம் சிவக்க ஓர் அழுகை. டாக்டர் வயிற்றுக்காற்று என்றார், தானே சரியாகும் என்றார். அத்தைக்குக் கேட்டுக்கொண்டிருந்ததோ ‘என்னைக் கேக்காதீங்க’ என்ற அந்த ஒரு வாக்கியம்தான்.

என் மாணவர்கள் சூனியக்காரி வேட்டையை ஏதோ இருண்ட காலத்துக் கதை என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். இல்லை. அச்சுப் புத்தகம் பரவி, தொலைநோக்கியால் நிலாவைப் பார்க்கத் தொடங்கிய காலத்தில்தான் அது உச்சத்துக்குப் போனது. குளிரில் விளைச்சல் கெட்டது, மதம் இரண்டாகப் பிளந்து ஊரே ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்தது, இதெல்லாம் பின்னணி. ஆனால் வழக்குத் தாள்களைப் புரட்டினால் முதல் பக்கத்தில் பேய் பிசாசு இருக்காது, ஒரு தெருச் சண்டை இருக்கும். ஒருத்தி மோர் கேட்டிருப்பாள், இன்னொருத்தி இல்லை என்றிருப்பாள். போகும்போது ஏதோ முணுமுணுத்திருப்பாள். பிறகு ஒரு மாடு சாகும், அல்லது ஒரு பிள்ளை காய்ச்சலில் விழும். சில ஜெர்மானிய ஊர்களில் மாட்டிக்கொண்டவர்கள் யார் தெரியுமா? பிள்ளை பெற்ற வீட்டுக்கு வந்து, தாய்க்குச் சமைத்துப் போட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டிய வேலைக்காரப் பெண்கள். வயதானவர்கள், பிள்ளை இல்லாதவர்கள். வீட்டுக்குள் அத்தனை நெருக்கமாக வந்துபோகும் வெளியாள் வேறு யார்?

இதையெல்லாம் அன்றே அத்தையிடம் சொன்னேன். சும்மா இருக்க என்னால் முடியாது. அவர் பால் பாட்டில்களைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தார், நான் குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்துகொண்டு முழு வகுப்பே எடுத்துவிட்டேன். பிடிபட்டவளைச் சித்திரவதை செய்து, ‘உன்னோடு வேறு யார் யார்?’ என்று கேட்டார்கள். அவள் பத்துப் பேரைச் சொன்னாள். அந்தப் பத்துப் பேரையும் பிடித்து அதையே கேட்டார்கள். கடைசியில் ஊர்ப் பெரிய மனிதர்களின் பெண்டாட்டிகள் பெயரே வர ஆரம்பித்ததும்தான் கேட்டவர்களுக்கே உதறல் எடுத்தது, என்றேன்.

அத்தை பொறுமையாகக் கேட்டார். இடுக்கியால் ஒரு பாட்டிலை வெளியே எடுத்தார்.

“ஏம்மா, அவங்க யாராச்சும் தொப்புள்கொடிய எடுத்தாங்களா?”

“இல்ல அத்தை.”

“அப்ப அது பொய்க் கேஸு. இது அப்படியா? பொருள் காணோம்.”

என் வகுப்பில் எந்த மாணவனும் இப்படி மடக்கியதில்லை.

அவர் அடுப்பை அணைத்துவிட்டு, திரும்பாமலே, “மாமாவுக்கு முன்னால எனக்கு ஒருத்தன் பொறந்தான். தெரியுமா உனக்கு?” என்றார்.

தெரியாது. அக்காவுக்கும் தெரியாது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“நல்லாத்தான் இருந்தான். திடீர்னு பால் குடிக்கல. விடியறதுக்குள்ள போயிட்டான். அதுக்கு அப்புறம் ஆளாளுக்கு வந்து சொன்னாங்க. அந்தப் பொம்பள வந்து போனப்பவே எனக்குத் தெரியும், கவனிச்சிருக்கக் கூடாதான்னு. எல்லாம் போன பெறகுதான் சொல்றாங்க.” மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகினார். “இந்தத் தடவ நான் கவனிச்சிட்டேன்மா. கவனிச்சிட்டு எப்படிச் சும்மா இருக்கச் சொல்ற?”

குற்றம் சாட்டியவர்களைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். அவர்கள் கூடவே நின்று பாட்டில் மூடியை எடுத்துக் கொடுத்ததில்லை. அன்று கொடுத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஆன்டியை வீட்டில் விட்டு வரும்படி அக்கா என்னிடம் மாமாவின் காரைக் கொடுத்தாள். ஃபெடரல் நெடுஞ்சாலை வழக்கம்போல் ஊர்ந்தது. ஷா ஆலாம் தாண்டும்வரை ஆன்டி பேசவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது, வாய் ஓயாத மனுஷி. பிறகு மடியில் இருந்த துணிப்பையை எடுத்து கியர் பக்கத்தில் வைத்தார்.

“பாரும்மா. தெறந்து பாரு.”

“ஐயோ ஆன்டி, எதுக்கு…”

“ரெண்டு நைட்டி இருக்கு, ஒரு தைலம் இருக்கு, நேத்து மிச்ச சுறாப்புட்டு இருக்கு. நான் கெளம்பும்போது உங்க அத்தை பையையே பாத்துச்சு. எனக்குத் தெரியாதா? மூஞ்சப் பாத்தாத் தெரியும்.” கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். “வேணும்னா வீட்டுக்கே வந்து தேடுங்க லா. ஒரு கட்டில், ஒரு டிவி, ஒரு கருப்புப் பூன. அவ்ளோதான்.”

கருப்புப் பூனை என்றதும் நான் பிரேக்கை அழுத்திவிட்டேன். பின்னால் வந்த லோரி ஹாரன் அடித்தது. நான் படிக்கும் வழக்குகளில் பூனை வைத்திருந்ததே ஒரு சாட்சி.

“பூனைய மட்டும் அத்தைகிட்டச் சொல்லிடாதீங்க ஆன்டி.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார். முன்பு அம்பாங்கில் ஒரு வீடு. பிள்ளைக்கு மஞ்சள்காமாலை கூடிப்போய் ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள். இவருடைய கைராசி சரியில்லை என்று அந்த வீட்டு அம்மா வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போட்டார். “திட்டல, சாபம் விடல. நல்லவங்கதான். சும்மா ஒரு சந்தேகம்னு சொன்னாங்க. அந்த வருஷம் பூரா யாரும் கூப்பிடல. சாப்பாட்டுக் கடையில மங்கு கழுவுனேன். அந்தப் பிள்ள இப்ப ஸ்கூல் போவுது, நான் பாத்தேன், பாசார்ல. குண்டா இருக்கான்.”

அவர் அடுக்குமாடி வாசலில் இறங்கினார். “திங்கக்கிழம வரட்டுமா, வேணாமானு ஒரு மெசேஜ் போட்டுரு. வேணாம்னாலும் போட்டுரு. காத்திருக்க வைக்காதீங்க.”

நான் திரும்பி வந்தபோது வீட்டில் திட்டம் தயாராக இருந்தது. மறுநாள் கிள்ளானில் குறி கேட்கப் போவது. முனீஸ்வரன் இறங்கும் ஒருவர் இருக்கிறார், கேட்டால் யார் என்று பளிச்சென்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் உடனே செமினிக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அத்தையின் தம்பி மகளுக்கு அங்கே அடுத்த மாதம் பிரசவம், அவளும் இதே ஆன்டியைத்தான் பேசி வைத்திருக்கிறாள். செமினிக்குப் போனால் சொந்தக்காரர்கள் குழுவுக்குப் போகும், அங்கிருந்து கோயில் மகளிர் குழுவுக்கு. அதற்கப்புறம் ஆன்டிக்கு மங்கு கழுவும் வேலைதான்.

நான் மறுபடியும் வகுப்பெடுக்க வாயைத் திறந்தேன். அறைக்குள்ளிருந்து அக்கா, “அத்தை, இங்க கொஞ்சம் வாங்க. தங்கச்சி, நீ பேசாம வா” என்றாள்.

பிள்ளை அவள் மார்பில் இருந்தான். நேற்று நான் சமையலறையில் முழங்கியதெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் அவள் காதில் விழுந்திருக்கிறது. அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் அத்தைக்காகப் பேசிக்கொண்டிருந்தேன்.

“குறி கேக்கப் போங்க அத்தை” என்றாள் அக்கா. “கயிறு வேணும்னா வாங்கிட்டு வாங்க. திருநீறு, எலுமிச்ச, என்ன குடுத்தாலும் வாங்கிட்டு வாங்க, நான் கட்டிவிடறேன். எனக்கும் பயம் இருக்கு. ஆனா யாருனு மட்டும் கேக்காதீங்க.”

“அதக் கேக்கத்தானேம்மா போறோம்?”

“கேட்டா ஒரு பேரு வரும். வராம இருக்காது. வந்துட்டா அப்புறம் அத நம்மளால விட முடியாது. அடுத்த தடவ பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா மறுபடியும் போய் நிப்போம், அப்ப ஆன்டி இங்க இருக்காது, வேற பேரு வரும். வீட்டுல வேற யாரு இருக்கா, சொல்லுங்க. நீங்க, நான், இவ.”

அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். சரி என்றோ முடியாது என்றோ சொல்லவில்லை.

நான் வாசலில் நின்று அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கம் கெட்டு, கண் கீழே கருத்து, எண்ணெய்த் தலையோடு இருந்தாள். வரலாறு அவளுக்குப் பள்ளியிலேயே பிடிக்காத பாடம். நான் மாணவர்களிடம் தொண்டை வற்றச் சொல்வதை அவள் ஒரு வீட்டு வேலையாக மாற்றிவிட்டாள். ஐரோப்பாவில் நம்பிக்கை தீர்ந்து வேட்டை நிற்கவில்லை. மேல் கோர்ட்டு நீதிபதிகள் பலருக்குப் பிசாசு இருப்பதில் சந்தேகமே இல்லை. இந்தப் பெண்தான் என்று எப்படித் தெரியும் என்பதில்தான் சந்தேகம். அவர்கள் கீழ் கோர்ட்டுத் தீர்ப்புகளை இழுத்து வைத்துக்கொண்டு சாட்சி கேட்டார்கள், சித்திரவதையைக் குறைத்தார்கள். கிராமத்துச் சனம் அதற்குப் பிறகும் பல தலைமுறைக்கு வாசலில் குதிரை லாடம் அடித்தது, பிள்ளைக்குத் தாயத்து கட்டியது. அதனால் யாரும் சாகவில்லை. ‘வேறு யார்?’ என்ற கேள்வியால்தான் செத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தையை நான்தான் கூட்டிப் போனேன். கார் பட்டறைகளுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். சாமி இறங்குகிறவர் மற்ற நாள்களில் லோரி ஓட்டுகிறார். எங்களுக்கு முன்னால் வேலை கிடைக்காத ஒருவர், வீடு விற்காத ஒருவர். எங்கள் முறை வந்தபோது சாமியாடியின் வாயில் சுருட்டு புகைந்துகொண்டிருந்தது, கண் எங்கேயோ இருந்தது.

“பச்ச உசுருக்காக வந்திருக்க மகளே.”

அத்தையின் கண்ணிலிருந்து அப்போதே தண்ணீர் வழிந்தது. பிள்ளை அழுவதைச் சொன்னார், கொடி காணாமல் போனதைச் சொன்னார். பத்தியம் பார்க்க ஆள் வந்திருப்பதையும் சொன்னார். சாமியாடி புகையை இழுத்துவிட்டார்.

“வெளிக் கை ஒண்ணு வீட்டுக்குள்ள பொழங்குது.” கொஞ்ச நேரம் ஆடினார். “சொல்லட்டுமா? பேரு வேணுமா?”

நான் அத்தை பக்கத்தில் மண்டியிட்டிருந்தேன். அவர் வாய் திறந்தது. மூடியது. கைகள் கூப்பியபடியே இருந்தன. பின்னால் யாரோ இருமினார்கள். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது, எழுதினால் இட்டுக்கட்டியதாக இருக்கும். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

“வேணாம்பா” என்றார். “பேரு வேணாம். பிள்ளைக்கு என்ன செய்யணும், அத மட்டும் சொல்லு.”

அந்த மனிதர் ஆட்டத்தை நிறுத்தி அத்தையைப் பார்த்தார். இப்படி வருகிறவர்கள் எல்லாரும் பேர் கேட்டுத்தானே வந்திருப்பார்கள். சுருட்டை வாயின் மறுபக்கம் மாற்றிக்கொண்டார். எனக்கென்னவோ, அவருக்கும் அது நிம்மதியாக இருந்தது போலத்தான் பட்டது. கருப்புக் கயிறு கொடுத்தார், திருநீறு கொடுத்தார், சாயங்காலம் பிள்ளையைத் தலைக்குச் சுற்றி எலுமிச்சையை முச்சந்தியில் போடச் சொன்னார். “போ மகளே, நான் பாத்துக்கறேன்.”

காரில் ஏறியதும் நான் ஃபோனை எடுத்து, ‘நாளைக்கு வாங்க ஆன்டி’ என்று தட்டிவிட்டு அத்தையிடம் நீட்டினேன். கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்துப் படித்தார். “காலையில வரும்போது பச்ச மஞ்சள் கெடச்சா வாங்கிட்டு வரச் சொல்லு” என்றார். அதையும் சேர்த்து அனுப்பினேன்.

கொடி கிடைக்கவே இல்லை. எலியா, பல்லியா, குப்பை லோரியா, இன்றுவரை தெரியாது. தாயத்தில் திருநீற்றை அடைத்துக் கட்டினார்கள். அழுகை ஒரேயடியாக நிற்கவில்லை, டாக்டர் சொன்ன மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அத்தை அதைக் கயிற்றின் கணக்கில் வைத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன், அதுவரை என் வாழ்க்கையில் செய்த மிகக் கடினமான காரியம் அது.

ஆன்டி வந்த பிறகு முதல் இரண்டு நாள் அவர் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அத்தை குளியலறை வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆன்டி கதவை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தார். மூன்றாம் நாள், “சும்மா ஒக்காந்திருக்கீங்க, துண்டையாச்சும் புடிங்க அக்கா” என்றார். அத்தை பிடித்தார்.

அப்படி ஒருநாள் குளியல் நேரத்தில்தான் செமினியிலிருந்து ஃபோன் வந்தது. தம்பி மகள். அத்தை கூடத்துக்கு வந்து ஒலிபெருக்கியில் போட்டார், அவருக்குக் காதில் வைத்துப் பேசப் பிடிக்காது.

“அத்தை, அந்த ஆன்டி எப்படி? நம்பி வரச் சொல்லலாமா?”

நான் கட்டுரைத் தாளிலிருந்து தலையைத் தூக்கினேன். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. அங்கேயும் கேட்டிருக்கும்.

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “கை நல்ல கை” என்றார். “பிள்ளைய பொத்துனாப்ல தூக்கும். சமையலும் சுத்தம். சாம்பிராணி மட்டும் கொஞ்சம் தூக்கலாப் போடும், கொறைக்கச் சொல்லு. வாயி ஜாஸ்தி. தேன் கீன்னு நீ கேக்காத, திட்டும்.”

“அப்ப சரி அத்தை, புக் பண்ணிடறேன்.”

ஃபோனை வைத்ததும் நான் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

“என்ன அப்படிப் பாக்குற? எனக்கு இன்னும் சந்தேகம்தான். சந்தேகம் இருந்தா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டா திரிவாங்க?”

உள்ளேயிருந்து ஆன்டியின் குரல் வந்தது. “அக்கா, வெந்நி பத்தல!”

“வரேன், வரேன், கத்தாத. பிள்ள பயந்துரப் போவுது” என்று சொல்லிக்கொண்டே அத்தை சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனார்.